சம்பந்தி கேட்காத ட்ரோன்

ட்ரோன் வேண்டுமென்று என் சம்பந்தி ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டதாக வீட்டில் சொன்னவன் நான். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன், எழுபது வயது தாண்டியவன், நாலு பேர் யோசனை கேட்டு வீடு தேடி வரும் மனிதன், ஏன் அப்படி ஒரு பொய் சொன்னான் என்று கேட்டால் ஆசை தலைக்கேறிவிட்டது என்பதைத் தவிர வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

ஆசை பிடித்த இடம் ஒரு கல்யாண மண்டபம். உறவுக்காரர் வீட்டு முகூர்த்தம் முடிந்து பந்திக்குக் காத்திருந்தோம். வாசலில் படம் எடுப்பவர் மடக்கி வைத்திருந்த ஒரு சாமானை விரித்துத் தரையில் வைத்தார். தேனீக்கூடு கலைந்தது போல அது இரைந்தது, எழுந்தது, பந்தலுக்கு மேலே போய் ஆணி அடித்தது போல நின்றது. நான் அவர் தோளருகே போய் நின்று கையிலிருந்த திரையைப் பார்த்தேன். பந்தல் தெரிந்தது, வாழைமரங்கள் தெரிந்தன, வரிசையாகக் கார்கள். நடுவில் எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு வழுக்கைத் தலை. யார் இந்தக் கிழவர் என்று ஒரு கணம் நினைத்தேன். சந்தேகம் தீரக் கையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார். அன்று பந்தியில் எனக்கு என்ன பரிமாறினார்கள் என்று இன்றுவரை தெரியாது.

அதற்கப்புறம் நான் வேறு ஆளாகிவிட்டேன். போத்தனூர் வீட்டு மாடியறையில் கதவைச் சாத்திக்கொண்டு ட்ரோன்களைப் பற்றிப் படித்தேன், பார்த்தேன், கேட்டேன். குழந்தைகளுக்கான மலிவுச் சாமான்கள் வேண்டாம். அவை மின்விசிறிக் காற்றுக்கே அலைபாயும். சினிமாக்காரர்கள் வைத்திருக்கும் பெரிய யந்திரங்கள் எனக்கு எட்டாது. நடுத்தரமாக ஒன்று வேண்டும். அந்த நடுத்தரத்தில்தான் எத்தனை சிக்கல், எத்தனை இன்பம்! இருநூற்றைம்பது கிராமுக்குள் இருந்தால் அரசாங்கத்தில் பதிவு செய்யும் வேலை இல்லை. ஆனால் எடை குறைந்தால் காற்று தூக்கிக்கொண்டு போகும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் நம் பக்கம் வீசுகிற காற்றைப் பற்றி, எங்கோ ஏசி அறையில் உட்கார்ந்து விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு என்ன தெரியும்? எடை கூடினால் காற்றில் நிற்கும், கேமராவும் பெரிதாக இருக்கும், மாலை மங்கலிலும் படம் தெளிவாக விழும். ஆனால் பதிவு எண் வாங்கி ஒட்ட வேண்டும். பெட்டிமேல் முப்பது நிமிடம் பறக்கும் என்று போட்டிருந்தால் அது காற்றே இல்லாத ஊருக்கு எழுதியது, நமக்குக் கால் பங்கு குறைத்துக்கொள்ள வேண்டும். கேமராவை ஆடாமல் பிடித்துக்கொள்ளும் கிம்பல் என்ற உறுப்பு மூன்று பக்கமும் திரும்புவதாக இருக்க வேண்டும், இரண்டு பக்கம் மட்டும் திரும்புவது வேண்டாம். இதையெல்லாம் வகுப்பில் சொன்னால் மாணவர்கள் தூங்கியிருப்பார்கள். எனக்குத் தூக்கமே போயிற்று. தோசையைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோகும்போதுகூட அதைச் சட்னிக்கு மேல் சற்று நிறுத்தி, ஒரு வட்டம் அடித்து, அப்புறம்தான் இறக்குவேன்.

என் மனைவிக்கு என்னைத் தெரியும். ஏற்கெனவே ஒரு டெலஸ்கோப் வாங்கியிருந்தேன். அதன் முக்காலியில் கொடிக் கயிற்றின் ஒரு முனையைக் கட்டித்தான் இப்போது எங்கள் மாடியில் துணி காய்கிறது. கீபோர்டு ஒன்று வாங்கினேன். அது உறையோடு பரணில் இருக்கிறது. அதனால் நேராகக் கேட்கத் தைரியம் இல்லாமல், நம் வீட்டை வானத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒருநாள் மெதுவாக ஆரம்பித்தேன்.

"தண்ணித் தொட்டி மூடி இல்லாம இருக்கும். போயி மூடிப்போட்டு வாங்க" என்றாள்.

மூடிவிட்டு வந்தேன்.

பொய் வந்தது ஒரு காலை உணவின்போது. யோசித்து, திட்டம் போட்டுச் சொன்னதல்ல. வாயில் இட்லி இருந்தது. அதற்குப் பின்னாலிருந்து அது தானாக வெளியே வந்தது.

"நம்ம சம்பந்தி ஒரு ட்ரோன் வேணும்னு ஆசப்படறாரு, அம்மணி. மரமேற ஆளே கெடைக்கறதில்லையாமா. காய் முத்தியிருக்குதான்னு மேல இருந்து பாத்துக்கலாங்கறாரு."

என் மனைவியின் கை கரண்டியோடு நின்றது.

"அண்ணனா கேட்டாரு?"

"அவருதான்."

"அவரு வாயத் தொறந்து ஒண்ணும் கேட்டதே இல்லீங்களே. கேட்டுப்போட்டாருன்னா வாங்கிக் குடுத்துப்போடோணுமுங்க" என்றாள். அவ்வளவுதான். டெலஸ்கோப்பும் கீபோர்டும் அடைத்து வைத்திருந்த கதவு சம்பந்தியின் பெயரைச் சொன்னதும் திறந்துகொண்டது.

சம்பந்தி என்றால் என் மகனுக்குப் பெண் கொடுத்தவர். சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் வாய்க்கால் பாசனத்தில் தென்னையும் வாழையும் கொஞ்சம் மல்லியும் வைத்திருக்கிறார். மனைவி இறந்தபிறகு தோட்டத்துக்குள் இருக்கும் சாளை வீட்டிலேயே தனியாக இருக்கிறார். ஒரே மகள், அவள் எங்கள் வீட்டில். மகன் வேலையாகப் பாதி நாள் வெளியூரில் இருப்பதால் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். மாதம் ஒருமுறை சம்பந்தி மகளைப் பார்க்க வருவார். வாழைத்தாரும் பூவும் காயும் காரிலிருந்து இறங்கிய பிறகுதான் அவர் இறங்குவார். ஒரு வாய் காப்பிக்குமேல் எங்கள் வீட்டில் எதையும் தொட மாட்டார். பெண்ணைக் கொடுத்த வீட்டில் கேட்டு வாங்குவது என்பது எங்கள் பக்கத்தில் கிடையாது. பெண்ணைப் பெற்றவர் கொடுப்பார், வாங்க மாட்டார். அப்படி ஒருவர் கேட்டார் என்றால் அவருக்கு ஏதோ பணமுடையாகிவிட்டது, அல்லது புத்தி தளர்ந்துவிட்டது என்றுதான் ஊர் நினைக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். ஆனால் அந்தக் காலையில் என் தலைக்குள் நான்கு விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன.

என் மனைவி மருமகளிடம் சொன்னாள். மருமகள் தன் அப்பாவுக்குப் போன் செய்து, ட்ரோன் கேட்டீர்களாமே என்று விசாரித்திருக்கிறாள். அந்த மனிதர் ஒரு நொடி யோசித்திருப்பார். பிறகு, "ஆமா கண்ணு, பேச்சுவாக்குல சொன்னேன்" என்றாராம். அடுத்த போன் எனக்கு வந்தது.

"ஏனுங் சம்பந்தி, நமக்கு எந்த ட்ரோனுங்க வேணும்? கொஞ்சம் வெவரமாச் சொல்லிப்போடுங்க. புள்ள கேட்டா நானு பதில் சொல்லோணுமல்லங்க."

என் பொய்யை அவர் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்ததைக் காட்டாமலேயே அதைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் என்ன செய்தேன்? சென்சாரின் அளவு பெரிதாவதால் வரும் நன்மைகளைப் பற்றி அவருக்கு நெடுநேரம் விளக்கினேன். அவர் நடுநடுவே "அப்பிடிங்களா" என்றார்.

காந்திபுரத்தில் ஒரு கேமராக் கடைக்கு நான்கு பேரும் போனோம். கடையில் விளக்கிச் சொன்ன பெண் நல்ல பொறுமைசாலி. "யாருக்குங்கய்யா வாங்கறீங்க?" என்று கேட்டபோது நான் சம்பந்தியைக் காட்டினேன். அவர் நெஞ்சை நிமிர்த்தி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, ஆசைப்பட்டவராக முன்னால் வந்தார். அந்த நடிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் வரும், வெட்கமும் வரும். நான் போனில் சொன்னவற்றில் அவருக்கு நினைவிருந்தது கிம்பல் ஒன்றுதான். அதை எடைக்கும் சொன்னார், பேட்டரிக்கும் சொன்னார். சொந்தமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மயிலு வந்து கொத்துமுங்களா?"

அந்தப் பெண் யோசித்து, பருந்து வந்து மோதும் என்று கேள்விப்பட்டிருப்பதாகவும் மயிலைப் பற்றித் தெரியவில்லை என்றும் நேர்மையாகச் சொன்னாள். "எங்க பக்கம் பருந்தவிட மயிலுதானுங்க எச்சா" என்றார் அவர்.

கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று எடை குறைந்தது, மடக்கினால் சட்டைப் பைக்குள் போகும். இன்னொன்று கனமானது, காற்றுக்கு அசையாது. அந்தப் பெண் இரண்டையும் கடையின் மேல்மாடிக் கூடத்தில் பறக்கவிட்டுக் காட்டினாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "எதுங்க எடுத்துக்கலாம்?" என்று நான் சம்பந்தியைக் கேட்டேன். "உங்களுக்கு எது புடிக்குதோ அதுவேதானுங்க எனக்கும்" என்றார். எல்லாரும் பார்க்க, என் ஆசையை அவர் வாயால் கேட்கவைத்து, கனமானதையே எடுத்தேன்.

முக்காலிகள் அடுக்கியிருந்த வரிசைக்கு அந்தப்புறம் மருமகளும் அவள் அப்பாவும் நின்றிருந்தார்கள். நான் இந்தப்புறம் இருந்தது அவர்களுக்குத் தெரியாது.

"உங்களுக்கு வேணும்னா எங்கிட்டக் கேட்டிருக்கலாமுங்கப்பா. அவியகிட்டப் போயி நின்னீங்களே. இனி அந்த ஊட்டுல நானு எப்பிடித் தல நிமுந்து நடக்கறது?"

"தப்புத்தான் கண்ணு" என்றார் அவர்.

அப்போதாவது நான் அந்தப்புறம் போயிருக்கலாம். போக ஓர் அடி எடுத்தும் வைத்தேன். அதற்குள் கடைப்பெண், பெட்டி தயார் என்று கூப்பிட்டாள். பெட்டியை வாங்கிக்கொண்டேன். வாங்கியதும் கேட்டதெல்லாம் மறந்துபோயிற்று. உள்ளதை உள்ளபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன், அதனால் இதையும் எழுதுகிறேன்: வீடு வரும்வரை அந்தப் பெட்டியை மடியைவிட்டு இறக்கவில்லை, வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

போத்தனூரில் பறக்கவிட முடியாது. விமான நிலையத்தைச் சுற்றி இத்தனை தூரத்துக்கு முன் அனுமதி இல்லாமல் எதுவும் பறக்கக்கூடாது என்று வரைபடத்தில் மஞ்சள் பூசியிருக்கிறார்கள். சம்பந்தியின் தோட்டத்துக்கு மேல் வரைபடம் பச்சையாக இருந்தது. அது எனக்கு மிகவும் வசதியாகப் போயிற்று. ட்ரோன் அவருடையது, இருக்க வேண்டிய இடம் அவர் தோட்டம், ஓட்டத் தெரிந்தவன் நான். பதிவு எண் வந்ததும் ஞாயிறுதோறும் கிளம்பினேன்.

அந்த ஞாயிறுகளைப் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை. வாழைத்தோட்டம் மேலிருந்து பார்த்தால் பச்சை நட்சத்திரங்களைக் கொட்டி வைத்தது போல இருக்கும். வாய்க்கால் வெள்ளிக் கம்பியாக வளைந்து போகும். தூரத்தில் மலை நீலமாகப் படுத்திருக்கும். நான் கத்துவேன், சம்பந்தி ஓடிவந்து திரையைப் பார்ப்பார், கண்ணாடியை மறந்துவிட்டதால் மறுபடி சாளைக்கு ஓடுவார். ட்ரோனைக் கண்டு மயில்கள் கூட்டமாகச் சிதறியபோது அவர் துண்டை வீசிக் குதித்தார். அதன்பிறகு அவருக்கும் ருசி வந்துவிட்டது. ஒருமுறை தென்னை மரங்களுக்கு நடுவே சந்தில் வைத்துக் கிளப்பினேன். திரும்பி வா என்று பொத்தானை அழுத்தினால் புறப்பட்ட இடத்துக்கே வந்து இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஓரிரு கெஜம் தள்ளி இறங்கும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அது நேராக ஒரு குட்டைத் தென்னையின் மட்டைக்குள் போய் உட்கார்ந்தது. சம்பந்தி நீளமான தொரட்டியைக் கொண்டுவந்தார். அவர் இழுக்க, கீழே நான் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் ஓட, முதலில் ஒரு இளநீர் விழுந்தது, அப்புறம் ட்ரோன் விழுந்தது. ஒரு இறக்கை மட்டும் ஒடிந்திருந்தது. இரண்டு கிழவர்களும் வரப்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கச் சிரித்தோம். இளநீரைக் குடித்தோம்.

ஆனால் அவர் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டிருந்தார். நான் அதைக் கவனிக்கவில்லை, என் மனைவிதான் கவனித்தாள். "அண்ணன் வாரதே இல்லீங்களே" என்றாள். கேட்டால் தண்ணீர் முறை என்பார், வாழை வெட்டு என்பார். மருமகளும் என்னோடு ஒரு ஞாயிறுகூடத் தோட்டத்துக்கு வரவில்லை. முன்பெல்லாம் மாலையில் அப்பாவோடு போனில் கதை கதையாகப் பேசுவாள். இப்போது சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்பதோடு முடிந்துவிட்டது. பொங்கல் சீரை அவர் நேரில் கொண்டுவராமல் ஆள்வசம் அனுப்பினார். கரும்பையும் தாரையும் இறக்கிவைத்துவிட்டு அந்த ஆள் போனபிறகு, மருமகள் அவற்றைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு அப்பா ஒருவர்தான். அவரை நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன், ஞாயிறுதோறும் போய் அவரோடு விளையாடிக்கொண்டும் இருந்தேன்.

பொங்கல் கழிந்து எங்கள் பக்கத்தில் பூப்பறிக்கிற நோம்பி உண்டு. பெண்கள் கூட்டமாகப் போய் ஆவாரம்பூ பறித்து, கும்மியடித்து, கொண்டுவந்த பலகாரத்தைத் தின்றுவிட்டு வருவார்கள். அந்த வருடம் சம்பந்தியின் தோட்டத்தை ஒட்டிய வாய்க்கால் கரையில் ஒறம்பறைச் சொந்தமெல்லாம் கூடுவதாக இருந்தது. என் மனைவி வற்புறுத்தி மருமகளையும் அழைத்து வந்தாள். கும்மியை மேலிருந்து படம் எடுக்கச் சொல்லி எல்லாரும் கேட்டதால் நான் ட்ரோனைக் கிளப்பினேன். மஞ்சள் பூ, பட்டுப் புடவைகள், சுற்றிச் சுற்றி வரும் வட்டம். திரையில் அது பெரிய பூவொன்று விரிந்து குவிவது போலவே இருந்தது. நான் என்னை மறந்தேன்.

அப்போது சம்பந்தியின் பங்காளி ஒருவர், பெரிய குரல்காரர், அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார். "ஏனுங்ணா, இதுதான் பொண்ணக் குடுத்த ஊட்டுல கேட்டு வாங்குனதுங்களா? அடுத்தது என்னுங்க, டிராக்டருங்களா?"

கூட்டம் சிரித்தது. சம்பந்தியும் சிரித்தார். "அதுக்கும் சொல்லி வெச்சிருக்கறனப்பா" என்றார். கும்மி வட்டத்திலிருந்து மருமகள் விலகி, யாரையும் பார்க்காமல் வாய்க்கால் பக்கம் நடந்தாள். அதையும் நான் திரையில்தான் பார்த்தேன். வட்டத்திலிருந்து ஒரு இதழ் பிரிந்து போவது போல.

"அவரு கேக்கலீங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. கும்மிப் பாட்டு ஓங்கியிருந்தது. வகுப்பில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசுவேனே, அந்தக் குரலை எடுத்தேன். "அவரு கேக்கவே இல்லீங்க. ஆசப்பட்டது நானு. ஊட்டுல திட்டுவாங்கன்னு அவரு பேரச் சொல்லிப்போட்டேன்."

பாட்டு நின்றது. தலைக்கு மேல் ட்ரோனின் இரைச்சல் மட்டும் கேட்டது. இரண்டு கையும் ரிமோட்டில் இருந்ததால் எனக்குக் கைகூப்பக்கூட வழியில்லை. பேட்டரி குறைகிறது என்று அது கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. மருமகள் திரும்பி நின்றாள்.

சம்பந்திக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான். முகம் சிவந்துவிட்டது.

"இத ஏனுங்க இப்பச் சொன்னீங்க? இத்தன நாளா நானு கட்டிக் காப்பாத்துனத இப்பிடிப் போட்டு ஒடச்சுப்போட்டீங்களே. எம்புள்ள உங்க ஊட்டுல பொழைக்கறா. எம்மேல அவளுக்குக் கோவம் இருந்தா இருந்துட்டுப் போகுது, நானு இங்க கெடக்கறேன். உங்க மேல மருவாதி கொறஞ்சுதுன்னா அவ தெனமும் உங்க மொகத்துல முழிக்கோணுமல்லங்க?"

மருமகள் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேராக அவரிடம் போனாள்.

"நீங்க ஏனுங்கப்பா ஆமான்னீங்க?"

"சம்பந்தி சொல்லிப்போட்டாரு. அப்பறம் நானு இல்லைங்கறதா கண்ணு?"

அவள் அவர் தோளில் கிடந்த துண்டை இழுத்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்தால் அழுகையும் சிரிப்பும் கலந்திருந்தது. ட்ரோன் என்னிடம் கேட்காமல் தானாக இறங்கி, பலகாரத் தட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

திரும்பும்போது காரில், பவானிப் பாலம் தாண்டியபிறகு என் மனைவி சொன்னாள். "எனக்கு வேணும்னு நீங்களே கேட்டிருந்தீங்கன்னா திட்டிப்போட்டு வாங்கிக் குடுத்திருப்பேன்." நான் தலையை ஆட்டினேன். அவள் திட்டுக்குப் பயந்துகொண்டு ஒரு மனிதரின் மானத்தை எடுத்துச் செலவழித்திருக்கிறேன் என்பது அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துவிட்டது.

சம்பந்தி இப்போது மாதம் தவறாமல் வருகிறார். அப்பாவும் மகளும் பழையபடி போனில் கதை பேசுகிறார்கள். மருமகள் என்னிடம் மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொன்னதில்லை. காப்பி வருகிறது, மாமா என்று கூப்பிடுகிறாள். ஆனால் என் வாயிலிருந்து வரும் எதையும் அவள் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. சிலிண்டர் வந்துவிட்டது என்று சொன்னால்கூட, ஒரு நடை போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

போன ஞாயிறு, சம்பந்தி வாழைக்கன்று நட்டிருக்கிறார், மேலிருந்து பார்க்க எல்லாரையும் தோட்டத்துக்குக் கூப்பிடுகிறார் என்று வீட்டில் சொன்னேன். உண்மையாகவே கூப்பிட்டிருந்தார். மருமகள் போனை எடுத்து அப்பாவிடம் விசாரித்தாள். கேட்டு முடித்து வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்பா ஆமாங்கறாரு மாமா. ஆனா நீங்க என்ன சொன்னாலும் அவரு ஆமான்னுதானுங்க சொல்லுவாரு" என்றாள்.

சொல்லிவிட்டு, கார் சாவியைத் தானே எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால் போய் ஏறிக்கொண்டேன்.